ஆராய்ச்சிப் பட்டமும் பேசும் திறனும்

வியாபாரத்தில் இருக்கும் நம்மவர்க்கு ‘டாக்டர்’ என்றால் மருந்து எழுதிக் கொடுப்பவரே முதலில் நினைவுக்கு வருவார். இப்பொழுது நம் குடும்பங்களில் வேறு வகை டாக்டர்களும் உண்டாகி வருகிறார்கள். மளிகைக் கடையிலும் துணிக் கடையிலும் நாணய மாற்றுக் கடையிலும் உட்கார்ந்து பாடுபட்ட தகப்பன்மாரின் பிள்ளைகள், எஞ்சினீயரிங் படித்துத் தேறியதோடு நில்லாமல், மேலும் நான்கு வருஷம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெறப் புகுந்திருக்கிறார்கள். மெத்த மகிழ்ச்சி தரும் விஷயம் இது. ஆனால் அப்பிள்ளைகள் அங்கே என்ன செய்கிறார்கள், எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பது பெற்றோரில் பலருக்குத் தெரியாது. ஓதும் பள்ளியும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்ட நாம், கேட்டும் பார்த்தும் விசாரித்தும் அறிந்தவற்றை வியாபார அன்பர்களுக்காக இங்கே எழுதத் துணிந்தோம்.

யந்திரத்தோடும் கணக்கோடும் பழகுகிற படிப்புத்தானே, இதற்கு வாய்ப் பேச்சு எதற்கு என்று பலர் எண்ணுகிறார்கள். படிக்கிற பிள்ளைகளே அப்படி எண்ணுவதுதான் வருத்தம். உண்மை என்னவென்றால், அவர்கள் வேலையில் பாதி பேச்சும் எழுத்துமாகவே இருக்கிறது. ஆராய்ச்சியைத் தொடர்ந்து செய்யத் தகுதி உண்டா என்று பார்க்கும் பரீட்சை ஒன்று நடுவில் வரும். அதில் பேராசிரியர்கள் முன் நின்று விளக்க வேண்டும். கண்டு பிடித்ததைச் சஞ்சிகைகளுக்குக் கட்டுரையாக எழுத வேண்டும். வெளிநாட்டு மகாநாடுகளில் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க வேண்டும். கடைசியில் பெரும் ஆராய்ச்சி நூலை எழுதிக் கொடுத்து, அதைக் குறித்துப் பரீட்சையாளர் கேட்கும் கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்ல வேண்டும். இவற்றுக்கு மேல், உதவிப் பணம் பெற்றுப் படிப்பவரில் பலருக்குப் போதிக்கும் கடமையும் உண்டு. கீழ் வகுப்பு மாணவர்களைச் சோதனைச் சாலையில் மேய்ப்பதும், பயிற்சிக் கணக்குகளை விளக்குவதும், விடைத்தாள் திருத்துவதும் இவர்கள் தலையில் விழும். இவ்வளவையும் செய்ய அவர்களுக்கு யார் பழக்கினார்கள் என்று கேட்டால், ஒருவரும் இல்லை என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது. இப்பொழுது சில பல்கலைக் கழகங்கள் இதற்கென்று வகுப்புகள் வைத்திருக்கின்றன. அது நல்ல காரியம். ஆயினும் நீச்சலைக் கரையில் உட்கார்ந்து கற்க முடியாதல்லவா?

பேசத் தெரியாமையால் என்ன குடி முழுகிப் போகும் என்பார்க்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். 1986-ஆம் வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி, அமெரிக்காவின் ‘சாலஞ்சர்’ என்னும் விண்கலம் கிளம்பி 73 வினாடியில் சிதறிற்று. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. வானத்திலிருந்தபடியே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்கென்று போனவர். காரணம், ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப் போய், சரியாக அடைக்காமல் விட்டதுதான். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ராக்கெட் செய்த கம்பெனியின் எஞ்சினீயர்கள் இதை முதல் நாள் இரவே சொன்னார்கள். 12 டிகிரிக்குக் கீழே குளிர் இருந்தால் ஏவ வேண்டாம் என்று தொலைபேசியில் மன்றாடினார்கள். விடிந்து ஏவும்போது அங்கே குளிர் ஏறக்குறைய 2 டிகிரி. மேலதிகாரிகள் கேட்கவில்லை.

குற்றம் மேலதிகாரிகளுடையது என்பதே நம் அபிப்பிராயம். ஆபத்து உண்டு என்று தொழில் தெரிந்தவன் சொன்னால், நிரூபித்துக் காட்டு என்று அவனையே மடக்குவது நியாயமாகாது. ஆனாலும் அந்த இரவு அவர்கள் அனுப்பிய தாள்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்த எட்வர்டு டஃப்டே என்ற அறிஞர் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார். அதற்கு முன் விண்கலம் 24 முறை பறந்திருந்தது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு குளிர், வளையத்துக்கு எவ்வளவு சேதம் என்பதை ஒரே தாளில், குளிர்ந்த நாளிலிருந்து வெப்பமான நாள் வரை வரிசையாகப் போட்டிருந்தால், குளிர் ஏறச் சேதம் ஏறுவது பார்த்தவர் கண்ணில் அறைந்திருக்கும். அப்படி ஒரு தாள் அங்கே இல்லை. இருந்த விவரமும் பல தாள்களில் சிதறிக் கிடந்தது. நம் கடைப் பேரேட்டில் வரவு ஒரு புத்தகத்திலும் பற்று வேறொரு புத்தகத்திலும் இருந்தால், கடையில் நஷ்டம் என்று பங்காளிக்கு எப்படி விளங்க வைப்பது?

அடுத்த மாதம் விசாரணை நடந்தது. அந்த விசாரணைக் குழுவில் ரிச்சர்டு ஃபைன்மன் என்ற பௌதிகப் பேராசிரியர் இருந்தார். மேஜையில் குடிப்பதற்கு வைத்திருந்த ஐஸ் தண்ணீர்க் கிளாசில், இடுக்கியால் நெருக்கிய அந்த ரப்பர்த் துண்டைப் போட்டு வைத்தார். சற்றுப் பொறுத்து எடுத்து, இடுக்கியைத் தளர்த்திக் காட்டினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. அவ்வளவுதான். ஊரெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்துப் புரிந்து கொண்டது. அவருடைய தகப்பனார் சீருடை வியாபாரத்தில் இருந்தவர். சரக்கைக் கையில் எடுத்துக் காட்டும் வித்தை அந்த வீட்டில் இருந்திருக்கும் என்று எண்ணிக் கொள்வதில் நமக்கு ஒரு சந்தோஷம்.

இதே பாடம் 2003-இல் மறுபடியும் வந்தது. ‘கொலம்பியா’ விண்கலம் திரும்பி வரும்போது சிதறி, அதிலும் ஏழு பேர் போனார்கள். கிளம்பும்போது பெயர்ந்து விழுந்த நுரைக் கட்டி ஒன்று இறக்கையில் அடித்திருந்தது. அதைப் பற்றி அதிகாரிகளுக்குத் திரையில் காட்டிய பக்கத்தில், விழுந்த கட்டியின் அளவு 1920 கன அங்குலம், முன்பு சோதனை செய்து பார்த்ததோ 3 கன அங்குலம் என்ற விவரம் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. தலைப்போ தைரியம் சொல்லும் விதத்தில் இருந்தது. விசாரணைக் குழு தன் அறிக்கையில் இந்தப் பக்கத்தைத் தனியாகவே எடுத்துக் கண்டித்தது. முக்கியமானதை மேலே பெரிதாய் எழுது என்பதைச் சொல்ல ஒரு விசாரணைக் குழு வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

பேச்சுத் திறன் பிறவியில் வருவது, நமக்கு வாய்க்காது என்று ஒதுங்கும் பிள்ளைகள் மைக்கேல் ஃபாரடே என்பவரின் சரித்திரத்தை அறிய வேண்டும். இன்று நம் கடைகளில் சுற்றும் மின் விசிறிக்கும் மின்சார நிலையங்களுக்கும் அடிப்படையான உண்மைகளைக் கண்டவர் அவர். லண்டனில் ஒரு கொல்லரின் மகன். பள்ளிப் படிப்பு சொற்பம். புத்தகம் கட்டும் கடையில் ஏழு வருஷம் எடுபிடியாக இருந்து தொழில் கற்றார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களையே படித்து அறிவை வளர்த்துக் கொண்டார். 1812-இல் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானியின் பிரசங்கங்களைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. கேட்டதை எல்லாம் குறித்து, படம் வரைந்து, தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி அந்த விஞ்ஞானிக்கே அனுப்பி வைத்தார். மறு வருஷம் அவரிடமே உதவியாளராக வேலை கிடைத்தது.

நாம் வியப்பது அதற்கு அப்புறம் அவர் செய்ததைத்தான். சோதனைச் சாலையில் வேலை கிடைத்தது போதும் என்று அவர் இருக்கவில்லை. பிரசங்கம் செய்பவர்களின் கை எப்படி அசைகிறது, குரல் எப்படி ஏறி இறங்குகிறது, எந்த இடத்தில் கேட்பவர் கண் அயர்கிறது என்றெல்லாம் கவனித்து, நண்பருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். பின்பு காசு கொடுத்துப் பேச்சுப் பயிற்சி ஆசிரியரிடம் பாடம் கேட்டார். தாம் பேசும்போது, வேகம் கூடினால் ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையைக் காட்டும்படி ஒரு நண்பரை முன்னே உட்கார வைத்துக் கொண்டார் என்று அவர் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1825-இல் அவர் வேலை பார்த்த ஸ்தாபனத்தில் சிறுவர்களுக்கான கிறிஸ்மஸ் பிரசங்கங்கள் ஆரம்பமாயின. பின்னாளில் ஒரு சாதாரண மெழுகுவர்த்தியை முன்னால் வைத்துக் கொண்டு, அது எரிவதிலிருந்தே ரசாயனம் முழுவதையும் பிள்ளைகளுக்கு விளக்கினார். அந்தப் பிரசங்க வரிசை இன்றும் வருஷந்தோறும் நடந்து வருகிறது.

இனி நம் ஊர்ச் சமாசாரத்துக்கு வருவோம். எங்கள் உறவுப் பிள்ளை ஒருவர், கடல் நீரைக் குடிநீராக்கும் சவ்வுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து வருகிறார். சிங்கப்பூரில் 2003-இலிருந்து ‘நியூவாட்டர்’ என்று கழிவு நீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவதும், 2005-இலிருந்து துவாஸில் கடல் நீரைக் குடிநீராக்குவதும் இந்த வகைச் சவ்வுகளைக் கொண்டுதான். தகப்பனார் இல்லாத பிள்ளை. படிக்க வேண்டிய தங்கைகள் இருவர் உண்டு. வரும் உதவிப் பணத்தில் ஒரு பங்கு வீட்டுக்குப் போகிறது. இரண்டாம் வருஷத்தில் தகுதிப் பரீட்சை வந்தது. வேலை நன்றாயிருக்கிறது, ஆனால் என்ன செய்கிறார் என்பதே விளங்கவில்லை என்று பரீட்சையாளர்கள் திருப்பி விட்டார்கள். மறுமுறை ஒரு வாய்ப்பு. அதிலும் தவறினால் டாக்டர் பட்டம் இல்லை. உதவிப் பணமும் நின்று போகும்.

இரவு கடையைப் பாதி சாத்திய பிறகு அவரை வரச் சொன்னோம். எங்கள் கணக்கப்பிள்ளை ஐந்தாம் வகுப்பு. ஆனால் எவரையும் கேள்வி கேட்டே மடக்குவார்.

“தம்பி, நீங்க செய்றது என்ன?”

பிள்ளை கடகடவென்று ஆங்கிலத்தில் ஏழெட்டுப் பெயர்களை அடுக்கினார்.

“அது கிடக்கட்டும். அதனால யாருக்கு என்ன மிச்சம்?”

பிள்ளை வாயடைத்துப் போனார். இரண்டு வருஷமாக ஒருவரும் அவரை அப்படிக் கேட்டதில்லையாம். சற்று நேரம் யோசித்துச் சொன்னார்: “காக்கா, கடல் தண்ணியை ஒரு சவ்வு வழியா அழுத்தித் தள்ளினா, உப்பு இந்தப் பக்கம் நின்னுடும், நல்ல தண்ணி அந்தப் பக்கம் போயிடும். கொஞ்ச நாள்ல சவ்வு மேல பாசி மாதிரி படிஞ்சு அடைச்சுக்கும். அப்புறம் இன்னும் அழுத்தணும். கரண்டுச் செலவு ஏறும். படியாம இருக்கறதுக்கு மேல என்ன பூசலாம்னு நான் பார்க்கிறேன்.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! அப்போ தேங்காய்ப் பால் வடிக்கிற துணி மாதிரின்னு சொல்லுங்க.”

“அடைச்சுக்கறதுக்கு அது சரி காக்கா. உப்பு நிக்கிறதுக்குச் சரிவராது. உப்பு தண்ணியில கரைஞ்சு கிடக்குது. துணியில இருக்கிற ஓட்டை மாதிரி இதுல ஓட்டை கிடையாது. அப்படிச் சொன்னா பொய்யாயிடும்.”

இந்தப் பதில் நமக்கு மிகவும் பிடித்தது. உவமை என்பது மாதிரிச் சரக்குப் போன்றது. மாதிரி ஒன்றும் மூட்டை வேறொன்றுமாக இருந்தால் அந்த வியாபாரம் ஒரு நாள்தான் நடக்கும். எது வரைக்கும் உவமை பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறவனையே கேட்பவர் நம்புவார். வடிதுணியைச் சொல்லி, அது அடைத்துக் கொள்வதற்கு மட்டுமே உவமை என்று உடனே எல்லை கட்டிவிட வேண்டும் என்று அன்று முடிவாயிற்று.

ஐந்து வாரம், வாரத்துக்கு மூன்று இரவு இப்படி நடந்தது. முதலில் முப்பது நிமிஷம் பேசினார். பிறகு பத்து நிமிஷம். கடைசியில் மூன்று நிமிஷம். மூன்று நிமிஷக் கணக்கு நாமாக வைத்ததல்ல. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக் கழகம் 2008-இல் ஆரம்பித்த போட்டி ஒன்று உண்டு. இப்பொழுது பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. மூன்று நிமிஷம், அசையாத படம் ஒன்று, வேறு எந்தப் பொருளையும் எடுத்து வரக்கூடாது. 80,000 வார்த்தை கொண்ட ஆராய்ச்சி நூலை வாசித்துக் காட்ட ஒன்பது மணி நேரம் ஆகுமாம். அதை மூன்று நிமிஷத்தில் அடக்க வேண்டும். சுருக்கும்போதுதான் எது தேவை, எது ஒட்டுச் சரக்கு என்பது பேசுகிறவருக்கே தெரிய வருகிறது. பிள்ளை இரண்டாம் முறை பரீட்சையில் தேறினார். பரீட்சையாளர் கேட்ட முதல் கேள்வி, செலவு எவ்வளவு குறையும் என்பதாம்.

இதிலிருந்து வியாபாரிகளுக்குத் தெரிந்த ஒன்றை ஆராய்ச்சி மாணவர் கற்க வேண்டியிருக்கிறது என்று தோன்றுகிறது. எதிரே நிற்பவர் யார் என்று பாராமல் நாம் வாய் திறப்பதில்லை. மொத்தமாக வாங்க வந்தவரிடம் ஒரு பேச்சு, கால் கிலோ வாங்க வந்த அம்மாளிடம் ஒரு பேச்சு. சரக்கு ஒன்றுதான். அது போலத் தம் துறைப் பேராசிரியரிடமும், வேறு துறை எஞ்சினீயரிடமும், பணம் கொடுக்கும் கம்பெனிக்காரரிடமும், தாயாரிடமும் ஒரே வேலையை நான்கு விதமாகச் சொல்லத் தெரிய வேண்டும். டாக்காவில் 1929-இல் பிறந்து, 1955-இல் அமெரிக்காவில் எஞ்சினீயரிங் டாக்டர் பட்டம் பெற்ற பஸ்லுர் ரஹ்மான் கான் என்பவரை நம்மவர் அறிந்திருக்க வேண்டும். சிக்காகோவில் 110 மாடியுள்ள சியர்ஸ் கோபுரத்தின் கட்டுமான முறையை வகுத்தவர் அவர். அவருடைய கூட்டாளியான கட்டடக் கலைஞர் ஒரு கட்டுச் சிகரெட்டைக் கையில் பிடித்து, சிலவற்றை உயர்த்திச் சிலவற்றைத் தாழ்த்திக் காட்டி, இப்படி நிற்குமா என்று கேட்டதாகச் சொல்வார்கள். ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டியது போன்ற வடிவம் அப்படித்தான் பேச்சில் உருவாயிற்றாம். கணக்குப் போடுபவரும் படம் வரைபவரும் ஒரே பாஷையில் பேசிக் கொள்ள அங்கே சிகரெட்டு உதவியிருக்கிறது. சிகரெட்டுக்கு வேறு நல்ல உபயோகம் எதையும் நாம் அறியோம்.

எழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல நமக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் சொல்லுவோம். அளவு எழுதினால் எந்த அளவை என்று எழுத வேண்டும். 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்தது. ஒரு சாரார் பவுண்டுக் கணக்கில் கொடுத்த எண்ணை, மறு சாரார் மெட்ரிக் கணக்கு என்று எண்ணிக் கொண்டார்கள். இந்நாட்டில் பழைய கட்டி நிறையிலிருந்து கிலோவுக்கு மாறிய காலத்தில் எத்தனை கடைகளில் சண்டை நடந்தது என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு கட்டி என்பது 605 கிராம் அளவு. ‘பத்து’ என்று மட்டும் சிட்டையில் எழுதினால் என்ன பத்து என்று யார் அறிவார்?

போதிக்கும் கடமைக்கு வருவோம். ஆராய்ச்சியில் கெட்டிக்காரர் போதனையிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்பது தப்பெண்ணம். நன்கு தெரிந்தவர்க்கே தெரியாதவன் எங்கே சிக்குகிறான் என்பது மறந்து போகிறது. பழைய ஓதும் பள்ளிகளில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, கேட்டு வாங்கிய பிறகே உஸ்தாதிடம் ஒப்பிக்க விடுவார்கள். அந்த மூத்த பிள்ளைக்குத் தான் சிக்கிய இடம் இன்னும் நினைவில் இருக்கும். சோதனைச் சாலையில் நிற்கும் ஆராய்ச்சி மாணவரும் அந்த மூத்த பிள்ளையின் இடத்திலேதான் இருக்கிறார்.

அவர்கள் செய்யும் பெரிய தவறு, விளக்கி முடித்ததும் “புரிந்ததா?” என்று கேட்பது. எல்லாத் தலைகளும் ஆடும். புதிதாக வந்த கடைப் பையனிடம் தராசைக் காட்டிப் “புரிந்ததா?” என்றால் அவனும் ஆட்டுவான். “முந்நூறு கிராம் சீரகம் நிறுத்துக் கொடு” என்று சொல்லிப் பாருங்கள்; புரிந்ததும் புரியாததும் உடனே தெரியும். ஆகவே சிறு கணக்கு ஒன்றைக் கொடுத்து அங்கேயே செய்யச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டால் பொறுத்திருக்கவும் வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார் வகுப்புகளைக் கவனித்துப் பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஏறக்குறைய ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று வினாடியாக்கினால் மாணவர் பதில் நீளமாகவும் நன்றாகவும் வருகிறது என்று 1970-களில் எழுதினார். மூன்று வினாடி சும்மா நிற்பது எவ்வளவு கடினம் என்பது, வாங்க வந்தவர் யோசிக்கும்போது வாயை மூடிக் கொண்டு நிற்கப் பழகியவர்க்கே தெரியும்.

விடைத்தாள் திருத்தும்போது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக் கொண்டு திருத்துவது நல்லது. முதல் தாளுக்கு ஒரு படி, ஐம்பதாவது தாளுக்கு வேறு படி வைத்து அளப்பது தகாது. முழு வகுப்பு எடுக்கப் பயப்படுகிறவர்கள், தோழர்கள் ஐந்தாறு பேரை உட்கார வைத்துப் பத்து நிமிஷப் பாடம் நடத்திப் பார்த்து, குறையைச் சொல்லச் சொல்லலாம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் நெடுங்காலமாக உள்ள முறைதான் இது.

இப்படிப் பழகுவதற்கு இடமும் கேட்பவரும் வேண்டும். இடம் நம்மிடம் இருக்கிறது. சங்கத்து மண்டபம் ஞாயிறு மாலைகளில் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, நம்மில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளை ஒருவர் வந்து பத்து நிமிஷம் தமிழில் பேசட்டும். பிறகு இருபது நிமிஷம் நாம் கேள்வி கேட்போம். அதே பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வாரம் ஒரு முறை கணக்கும் பௌதிகமும் சொல்லிக் கொடுக்கலாம். நம் பிள்ளைகளுக்கு டியூஷன் செலவு மிச்சம். அவர்களுக்குக் கை பழகும். தமிழில் பேசினால் ஆங்கிலப் பரீட்சைக்கு உதவுமா என்று ஒரு அன்பர் கேட்டார். நினைப்பு தெளிவானால் எந்தப் பாஷையிலும் வரும். நினைப்பே குழம்பிக் கிடந்தால் ஆங்கிலப் பதங்கள் அதை மூடி மறைக்கத்தான் பயன்படும் என்பது நம் கருத்து. அந்தக் கணக்கப்பிள்ளைக்குச் சொன்ன விளக்கத்தைத்தான் எங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் மாற்றிப் பரீட்சையில் சொன்னார்.

கேட்க வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எப்பொழுது முடியும், முடித்தால் சம்பளம் எவ்வளவு, கலியாணம் எப்பொழுது என்ற மூன்று கேள்விகளையும் வாசலிலேயே விட்டு வர வேண்டும். என்ன செய்கிறீர்கள், அது யாருக்கு உதவும், அது உண்மை என்று எப்படித் தெரிந்து கொண்டீர்கள் என்பவற்றைக் கேட்கலாம். புரியாவிட்டால் புரியவில்லை என்று தைரியமாகச் சொல்ல வேண்டும். மரியாதைக்காகத் தலையாட்டினால் அந்தப் பிள்ளைக்கு ஒரு உபகாரமும் இல்லை.

முதற் கூட்டத்தில் எங்கள் உறவுப் பிள்ளை பேசச் சம்மதித்திருக்கிறார். இரண்டாவதாகப் பேச வரும் பிள்ளை, பாலங்களின் கான்கிரீட்டில் விழும் விரிசலை உள்ளே உடைத்துப் பார்க்காமலே ஓசையைக் கொண்டு கண்டு பிடிப்பது பற்றி ஆராய்ச்சி செய்கிறார். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் அன்பர்களுக்கு அவரிடம் கேட்க நிறைய இருக்கும்.